கையிலிருக்கும் ஆடுகள்

ஒருபுறம் வண்ணாத்திப்பாறைக் காடும், மறுபுறம் பெரியாற்று நீரால் செழித்த கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களும் சூழ, குமுளி மலைச்சாலை ஏறத் தொடங்கும் அடிவாரத்தில் அமைந்த லோயர் கேம்ப், 1895-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற பெரியாறு அணையின் சரித்திரத்தோடு சேர்த்தே பேசப்படுவது வழக்கம். ஆயினும், மலையில் புலியும், அறுவடை முடிந்த வயலில் உரத்துக்காகக் கிடை போட்ட ஆடுகளுமாக அணைக்கு முன்பிருந்தே வாழ்ந்த இப்பிரதேசத்தில் நின்று பார்க்கும்போது, தமிழ்நாட்டின் பழைய யுத்த விளையாட்டாகிய ஆடுபுலி ஆட்டத்தின் நியாயம் நன்கு விளங்குகிறது.

ஓர் உச்சியிலிருந்து இறங்கும் நான்கு கோடுகளைக் குறுக்குக் கோடுகள் வெட்ட, 23 சந்திகள் உண்டாகின்றன. புலிகள் 3, ஆடுகள் 15. கரிக்கோடு, கூழாங்கல், புளியங்கொட்டை இவையே இதன் சாதனங்கள். கோயில் கல்தளங்களிலும் மண்டபத் திண்ணைகளிலும் இக்கோடுகள் பொறிக்கப்பட்டிருக்கக் காண்கிறோம். தளம் பழையது என்பதனாலேயே கோடும் பழையது ஆகிவிடாது என்பதைச் சரித்திர ஆராய்ச்சியாளர் மறத்தலாகாது.

இவ்வாட்டத்தின் உயிர்நிலை, களத்துக்கு வெளியே காத்திருக்கும் சேனையைப் பற்றிய விதியில் இருக்கிறது. ஆட்டுக்காரர் முறைக்கு ஒன்றாக, காலியான எந்தச் சந்தியிலும் ஓர் ஆட்டை வைக்கலாம். ஆனால் பதினைந்தாவது ஆடும் களத்தில் இறங்கும்வரை, முன்னே வைத்த ஆடு கண்ணெதிரே வெட்டுப்படும் நிலையில் இருந்தாலும், அதை நகர்த்த உரிமையில்லை. புலிக்கோ அத்தகைய தடை ஏதுமில்லை. அடுத்த சந்தியில் ஆடும், அதே கோட்டில் அதற்கப்பால் வெற்றிடமும் இருக்குமாயின், அது தாண்டி வெட்டும். ஆதலால் கையிலுள்ள ஆடுதான் களத்திலுள்ள ஆட்டுக்குக் காவல்: புலி குதித்து இறங்கக்கூடிய இடத்தை முன்கூட்டியே அடைப்பதே அதன் கடமை. வெட்டே விழாமல் பதினைந்தும் இறங்கிவிட்டால் எஞ்சும் வெற்றிடங்கள் ஐந்தே. புலி அடைபடும் தருணம் அப்போது நெருங்கிவிடும். அவசரப்பட்டு நடுவில் ஆட்டை இறக்குபவர் தோற்பதும், ஓரங்களைப் பிடித்துப் பொறுமையோடு உள்ளே வருபவர் வெல்வதும் இதனாலேதான்.

வெட்டுப்பட்ட ஆடு மீண்டும் கைக்கு வருமோ என்றால், வராது. ஜப்பானியரின் ஷோகியில் சிறைப்பட்ட காய், பிடித்தவருடைய சேனையாக மீண்டும் களமிறங்குகிறது. இங்கே இழப்பு இழப்பேதான். நான்கு புலிகளும் இருபது ஆடுகளும் கொண்ட நேபாளத்துப் பாக்சாலிலும் ஆடுகள் யாவும் இறங்கும்வரை நகர்த்தல் இல்லை என்பது, இவ்விதி ஒரு வட்டாரத்தின் விசித்திரமன்று என்பதற்குப் போதிய சான்று. 1824-இல் பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் தம் படையினருக்கு அமைத்தளித்த யுத்த விளையாட்டில் விதி விரிவான நூலாயிற்று. நம்முடையதோ வாய்மொழியாகவே நிலைத்தது. அதனால் எத்தனை ஆடு வெட்டுப்பட்டால் ஆட்டம் முடியும் என்பது போன்ற சங்கதிகள் ஊருக்கு ஊர் மாறுகின்றன. அந்த வேற்றுமைகள் குறைபாடல்ல, செல்வம்.

உங்கள் ஊரில் இதை ஆடிய பெரியவர்கள் இன்னும் இருப்பார்களாயின், அவர்களோடு ஓர் ஆட்டம் ஆடி, அவர்கள் சொல்லும் விதியை ஊர்ப்பெயரோடு எழுதி வையுங்கள்.