இனிப்பு காட்டிக்கொடுக்காது

கிளாஸில் மூக்கை வைத்தால் முதலில் வருவது பச்சை ஆப்பிள், எலுமிச்சைத் தோல். கொஞ்சம் பொறுத்தால் வெள்ளை மிளகு. பக்குத்தே கடையில் ஆவியோடு எழுமே, அதே வாசம். ஆஸ்திரியாவின் 'க்ரூனர் வெல்ட்லீனர்' என்ற வெள்ளைத் திராட்சையின் அடையாளம் அது. வெறும் கற்பனை இல்லை. மிளகுக்கு மணம் தரும் ரோட்டன்டோன் என்ற பொருளே இந்தத் திராட்சையிலும் இருக்கிறது. வாயில் வைத்தால் புளிப்புதான் முன்னால் நிற்கும், எச்சில் ஊறும். இதை 'டிரை' என்கிறார்கள். ஜெர்மனிலும் 'ட்ரோக்கன்', அதாவது உலர்ந்தது. திரவம் எப்படிப்பா உலரும் என்று நானும் கேட்டிருக்கிறேன். நொதிக்கும்போதே சர்க்கரை கிட்டத்தட்ட முழுக்க ஆல்கஹாலாக மாறிவிட்டது என்பதுதான் பொருள். ஐரோப்பியச் சட்டப்படி லிட்டருக்கு 4 கிராம் மிச்சமிருக்கலாம். புளிப்பு தூக்கலாக இருந்தால் 9 கிராம்வரை விடுவார்கள்.

ஆனால் ஒரு காலத்தில் ஆஸ்திரியாவிலிருந்து அதிகம் ஏற்றுமதியானது இனிப்பு ஒயின்தான். மேற்கு ஜெர்மனியின் பேரங்காடிகள் அதைக் குறைந்த விலைக்குக் கேட்டன. அந்த இனிப்பு வர, திராட்சை கொடியிலேயே நன்றாகக் கனிய வேண்டும். எல்லா வருஷமும் கனியுமா? ஒப்பந்தம் போட்டாயிற்று, சரக்கு இல்லை. சர்க்கரையை அள்ளிப் போட்டால் மாட்டிக்கொள்வார்கள். சில வியாபாரிகள் டைஎத்திலீன் கிளைகோலைக் கலந்தார்கள். இனிப்பையும் கனத்தையும் ஒருசேரத் தரும் நச்சுப்பொருள் அது.

1985 ஜூலை 9ஆம் தேதி ஜெர்மன் சுகாதார அமைச்சு எச்சரிக்கை விடுத்தது. யாரும் சாகவில்லை, அதிர்ஷ்டம். ஏற்றுமதி பத்தில் ஒரு பங்குக்கு விழுந்தது. பிடிபட்ட ஒயினைச் சாக்கடையில் கொட்ட முடியாமல், ஒரு சிமெண்டு ஆலையில் சூளையைக் குளிர்விக்கத் தண்ணீருக்குப் பதிலாகப் பயன்படுத்தினார்கள். கலப்படமே செய்யாத சிறு விவசாயிகளும் சேர்ந்துதான் அடி வாங்கினார்கள். எனக்கு உறுத்துவது வேறொன்று. இத்தனை பேர் ருசித்துக் குடித்தும் எந்த நாக்கும் காட்டிக்கொடுக்கவில்லை. ஆய்வகம்தான் கண்டுபிடித்தது. இனிப்பு அவ்வளவு நன்றாக மறைக்கும்.

அதே ஆண்டு கடுமையான ஒயின் சட்டம் வந்தது. நாடு டிரை ஒயின் பக்கம் திரும்பியது. டான்யூப் கரையில், கல் அடுக்கிய படிக்கட்டுத் தோட்டங்கள் உள்ள வாஹாவ் பகுதிக்காரர்கள் 1983லேயே 'வினியா வாஹாவ்' சங்கத்தைத் தொடங்கியிருந்தார்கள். சர்க்கரை சேர்ப்பதில்லை என்பது அவர்கள் விதி. ஸ்டைன்ஃபெடர், ஃபெடர்ஷ்பீல், ஸ்மராக்ட் என்று மூன்று தரம். கனமான ஸ்மராக்டுக்கு அந்தக் கல்சுவர்களில் வெயில் காயும் பச்சைப் பல்லியின் பெயர்.

ஏற்றுமதி பழைய அளவுக்குத் திரும்ப 2001 ஆகிவிட்டது. மறு வருடம் லண்டனில், ஜான்சிஸ் ராபின்சன், டிம் அட்கின் முன்னிலையில், லேபிளை மறைத்து ஒரு சுவைப் போட்டி நடந்தது. பேர்போன பர்கண்டி ஷார்டனேக்களைத் தாண்டி, முன்னணி இடங்களில் பலவற்றை க்ரூனர் பிடித்தது.

குளிரும் இனிப்பைப் போலத்தான், மறைக்கும். நம்ம ஊர் வெக்கைக்கு ஐஸ்பெட்டியிலிருந்து நேரே ஊற்றத்தான் கை போகும். கால் மணி நேரம் வெளியே வையுங்கள். மிளகு அப்புறம்தான் வரும்.