பாதிரிமனையும் கிருகஸ்த வாழ்வும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே மிஷன் வீடுகள் என வழங்கும் பழைய மனைகளின் தடித்த சுவர்களையும் தூண் நிரைத்த விறாந்தைகளையும் காண்போர், ஐரோப்பியச் சிற்பமரபு அவ்வண்ணமே கப்பலேறி இங்கு வந்திறங்கிற்று எனச் சொல்லி அமைவர். இக்கொள்கை அரைகுறையானது. கட்டியவரின் தேசத்தினும், உள்ளே குடியிருந்த குரு துறவியா கிருகஸ்தரா என்பதும், அயலார் அம்மனையுள் எவ்வளவு தூரம் புகச் சம்மதித்தனர் என்பதுமே அதன் அமைப்பை அதிகமாக நிர்ணயித்தன என்பது என் துணிபு.

தெல்லிப்பழையும் வட்டுக்கோட்டையும் இதற்குத் தக்க சான்றுகள். 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் கிராமங்கள் பலவற்றிலே கோயிலையும் அதனருகே குருமனையையும் எழுப்பினர். 1658இல் அவற்றைத் தமதாக்கிய ஒல்லாந்தர் சமயத்தை மாற்றினரேனும், அக்கட்டடங்கள் பலவற்றைத் தாமே பயன்படுத்தினர். ஒல்லாந்தப் பாதிரியாரான பால்தேயு 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட நூலின் சித்திரங்களிலே கோயிலும் வீடும் அருகருகே நிற்கக் காணலாம். விவாகமற்ற கத்தோலிக்கக் குருவுக்கென எழுந்த மனையில் பெண்டிர்க்கு ஒதுக்கிடம் வேண்டுவதில்லை. வருவோர் யாவரும் குருவையே நாடி வருவர். ஆகலின் அது புறத்தை நோக்கி நின்றது. நம்மவரின் நாற்சார் வீடோ தலைவாசலிலே அந்நியரை நிறுத்தி, நடுமுற்றத்தைச் சூழ்ந்து, அகத்தையே நோக்குவது.

1816இல் தெல்லிப்பழைக்கு வந்த அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டானியல் பூவர் மனைவி சூசனுடனும், அடுத்த ஆண்டிலே வட்டுக்கோட்டையில் அமர்ந்த அம்மிஷனின் மெய்க்ஸ், ரிச்சட்ஸ் இருவரும் தத்தம் மனைவியரோடும், இப்பழைய வளவுகளையே தமக்கு உறைவிடமாக்கினர். செப்பனிடும் வேலை உள்ளூர்ப் பொருள்களைச் சார்ந்தே நடத்தற்குரியது. கருங்கல் அற்ற இந்நிலத்திலே முருகைக்கல்லும் சுண்ணாம்புக்கல்லுமே சுவராவன. அக்கல்லைச் சுட்ட நீறே சாந்தாவது. முற்றிய பனையின் வைரம் பிளந்த சலாகைகளே கூரையைத் தாங்குவன. சலாகை எட்டும் தூரமே அறையின் அகலமாதலின், மேனாட்டார் விரும்பிய விசாலமான கூடத்துக்குப் பனை ஒருபோதும் எளிதில் இணங்குவதன்று. தச்சனின் அளவுகோலை இவ்விஷயத்தில் எப்பாதிரியாரும் வென்றதாகத் தோன்றவில்லை!

குசினியின் வரலாறு இன்னும் விசேடமானது. மிஷன் விடுதிகளில் சேர்ந்த சைவப் பிள்ளைகள் முதற்காலத்தில் மிஷன் வளவுக்குள் சமைத்ததை உண்ண மறுத்தமையால், அவர்களுக்கான சமையற்கூடம் சைவர் ஒருவரின் அயற்காணியில் அமைய நேர்ந்தது. வளவு மிஷன் வசமிருந்தது. வாசத்தின் எல்லையை வகுத்ததோ ஊராரின் ஆசாரம்.

இதனோடு ஒப்பிட, இங்கிலாந்தின் குருமனைகளில், விசேடமாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்தவற்றில், குடும்பத்தார் அறைகளைக் கடவாது சபையார் வந்துபோகும்படி குருவின் வாசிப்பறையை வாயிலருகே வைக்கும் வழக்கம் இருந்தது. சென்ற நூற்றாண்டில் அத்தகைய மனைகள் பல தனியார் வீடுகளாக விலைப்பட்டபோது, அவ்வறை வருவாரின்றி வெறும் நூலறையாயிற்று. அங்கே ஒரு கதவைச் சாத்தினால் தீர்ந்த காரியம் இங்கே அவ்வாறு தீர்ந்ததன்று. குருவின் மனை வேலிக்கு அப்பாலும் நீண்டிருந்தது. ஆதலால் மிஷன் வீட்டை அளந்து பதிவோர் முகப்பும் விறாந்தையும் வரைந்ததோடு நில்லாது, கிணற்றடியையும் அயற்காணிகளின் பழைய உறுதிகளையும் பார்த்தல் வேண்டும்.