கூடாரமா, பந்தலா

யோவான் சுவிசேஷத்தின் 7ஆம் அதிகாரத்தில் வரும் ‘கூடாரப்பண்டிகை’ என்ற சொல் என்னை வெகுநாள் ஏமாற்றியிருக்கிறது. கூடாரம் என்றால் துணி, முளை, கயிறு. உள்ளே சர்க்கஸ் அல்லது பட்டாளம். யூதர்கள் அப்பண்டிகையின் ஏழு நாளும் உண்டு உறங்கும் ‘சுக்கா’வுக்கோ (நமக்கு இது ஆட்டுக்கறி ஞாபகம், போகட்டும்) துணிக்கூரை ஆகாது. மண்ணில் விளைந்து, வெட்டியெடுத்த தழையால்தான் கூரை. உள்ளே வெயிலைவிட நிழல் மிகுந்திருக்கவேண்டும். ஆனால் இடுக்கில் நட்சத்திரம் தெரியலாம். மரத்தடியில் போட்டால் செல்லாது. எகிப்தைவிட்டு வந்தவர்கள் வனாந்தரத்தில் ஒதுங்கியதன் ஞாபகம் இது என்கிறது லேவியராகமம்.

நம் பக்கத்தில் இதன் பெயர் கீற்றுப் பந்தல். மட்டாஞ்சேரி யூதர்கள் தென்னையோலை வேய்ந்துதான் சுக்கா போட்டார்கள். 1950களில் பெரும்பாலோர் இஸ்ரேல் போய்விட்டார்கள். ஒரு பகுதியினர் நெகேவ் பாலையில் நெவாதிமில் குடியேறினார்கள். அங்கே தென்னைக்கு எங்கே போவது? பேரீச்ச மட்டைதான்.

நாகூரிலிருந்து காரைக்காலைத் தாண்டினால் தரங்கம்பாடி. புதிய ஏற்பாடு தமிழில் முதலில் அச்சேறியது (1714-15) அங்கேதான். சுற்றிலும் கீற்று முடைகிற ஊர்கள். ஆனாலும் தமிழ் பைபிளில் நிலைத்தது கூடாரம்தான். ஆட்டுமயிரும் தோலும் போர்த்திய ஆசரிப்புக் கூடாரத்துக்கும் அதே சொல், தழைப்பந்தலுக்கும் அதே சொல். எபிரேயம் இரண்டையும் வேறாகவே வைத்திருக்கிறது. மொழிபெயர்ப்பில் ஒரு கூரை தொலைந்துபோயிற்று என்று எனக்குப் படுகிறது.

நாகூர்க்காரர்களுக்கு இன்னொரு சொல் இருந்தது: கூடு. கந்தூரியின் பத்தாம் இரவு நாகப்பட்டினத்திலிருந்து சந்தனக்கூடு வருகிறது. அலங்கரித்த கூட்டுக்குள் சந்தனக்குடம், தெருவெல்லாம் ஜனம், விடிவதற்குள் ஷாகுல் ஹமீது அடக்கத்தில் சந்தனம் பூசியாகிவிடும். கூடும் கூடுதலும் ஒரே வேரா என்று சொல்லாராய்ச்சிக்காரர்கள் சண்டை போடட்டும். அந்தத் தெருவில் நின்றவனுக்கு இரண்டும் ஒன்றுதான். தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங் கட்டிய 131 அடி மினாரா வருஷம் முழுக்க நிற்கிறது. கூடு ஓர் இரவுக்கு. கொடியேற்றத்தன்று வரும் கப்பல் ரதங்களும் அப்படியே. ஜோடிப்பதும் பிரிப்பதும் ஊராருடைய வேலை. ராஜாவுக்கு அதில் பங்கில்லை.

2004 டிசம்பர் 26 கடல் இக்கரையையும் விடவில்லை. பிறகு நாகை மாவட்டத்தில் வரிசை வரிசையாகத் தற்காலிகக் குடியிருப்புகள் எழுந்தன, தார் அட்டையில். ஒன்றில் நுழைந்து நின்றேன். கால்மணி நேரம் தாங்கவில்லை. நிழல் மிகுந்திருக்கவேண்டும் என்று எதற்காக ஒரு விதி எழுதினார்கள் என்பது அங்கேதான் எனக்குப் புரிந்தது. வெயிலுக்குள் உட்கார்ந்தவர்கள் எழுதியது அது. ஆசாரம் என்று நான் ஒதுக்கிவைத்திருந்தேன். வெளியே வந்தால், ஒரு கிழவி வாசலில் இரண்டு தென்னங்கீற்றைச் சாய்த்து வைத்து, அதன் நிழலில் உலை போட்டுக்கொண்டிருந்தாள். “உள்ளாற ஏன் போனீங்க தம்பி, இப்புடி வந்து குந்துங்க” என்றாள்.