வெள்ளை, ரோஸ், மஞ்சள்: ஒரு தேர்தல் கணக்கு நோட்டின் பயணம்

வேட்புமனு கொடுத்துவிட்டு வெளியே வரும் வேட்பாளரிடம் தேர்தல் நடத்தும் அலுவலர் ஒரு பதிவேட்டையும் கொடுத்தனுப்புவார். வாசலில் மாலையும் மேளமும் காத்திருக்கும்; கூட்டத்தில் யாரும் அந்த நோட்டைப் பார்க்கமாட்டார்கள். மும்பையில் தாராவியோ, சயான் கோலிவாடாவோ, செம்பூரோ, எந்தத் தொகுதியானாலும் அதன் வாழ்க்கை இப்படித்தான் தொடங்குகிறது.

நோட்டுக்குள் மூன்று நிறத் தாள்கள். வெள்ளையில் அன்றாடச் செலவு. ரோஸ் நிறத் தாளில் ரொக்கம். மஞ்சளில் வங்கிக் கணக்கு. தேர்தலுக்கென்றே தனி வங்கிக் கணக்கு திறந்திருக்க வேண்டும். ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் காசோலையாகவோ வங்கி வழியாகவோதான் கொடுக்கவேண்டும். ஒரு தாளில் எழுதியதை மற்ற இரண்டும் காட்டிக்கொடுக்கும் என்ற நம்பிக்கையில் செய்த ஏற்பாடு இது. 2024 நவம்பர் 20 அன்று நடந்த மகாராஷ்டிர சட்டமன்றத் தேர்தலில் இந்த நோட்டுக்குள் அடங்கவேண்டிய தொகை 40 லட்சம். மக்களவைத் தொகுதி என்றால் 95 லட்சம்.

பிரச்சாரம் சூடுபிடித்ததும் நோட்டு கட்சி அலுவலகத்துக்கும் ஆடிட்டர் மேசைக்குமாக அலைகிறது. நாற்காலி வாடகை, மைக் செட், கொடி, வண்டி, தொண்டர்களுக்கு வடா பாவ், டீ எல்லாம் ஏறவேண்டும். இவற்றுக்கு என்ன விலை என்று மாவட்டத் தேர்தல் அலுவலரே பட்டியல் போட்டுவிடுகிறார். அதே நேரத்தில் அரசுத் தரப்பில் இன்னொரு நோட்டு எழுதப்படுகிறது. அதற்கு நிழல் பதிவேடு என்று பெயர். தாராவி 90 அடி சாலையில் கூட்டம் நடந்தால் வீடியோ குழு படமெடுக்கும். இன்னொரு குழு அதை ஓடவிட்டு நாற்காலியையும் பேனரையும் எண்ணும். கணக்குக் குழு விலைபோட்டு எழுதிவைக்கும். பிரச்சார நாட்களுக்குள் மூன்று முறையாவது வேட்பாளரின் நோட்டு செலவினப் பார்வையாளர் முன் போய் நிழலோடு ஒப்பிடப்படவேண்டும். பொருந்தாவிட்டால் நோட்டீஸ் வரும்.

நல்ல ஏற்பாடுதான், மனதாரச் சொல்கிறேன். ஆனால் நோட்டுக்குள் வராமலே போகிற பணம் உண்டு. அதற்கு முதலில் வழிவிட்டது அரசே. டெல்லி சதர் தொகுதி வழக்கில் 1974 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம், வேட்பாளருக்காகக் கட்சி செய்யும் செலவும் அவர் கணக்கில் சேரும் என்று தீர்ப்புச் சொன்னது. அந்த மாதமே அவசரச் சட்டம் வந்து தீர்ப்பை மாற்றியது. 2003-ல் அந்த ஓட்டையை ஓரளவு அடைத்தார்கள். ஆனாலும் நட்சத்திரப் பேச்சாளர்களின் பயணச் செலவு இன்றும் வெளியேதான் இருக்கிறது. சென்னையிலிருந்து ஒரு தலைவர் தாராவித் தமிழர்களிடம் ஓட்டுக் கேட்க வருகிறார் என்றால் அவருடைய விமான டிக்கெட் நோட்டில் ஏறாது. வேட்பாளர் அவரோடு மேடையேறினால் மேடைச் செலவு மட்டும் ஏறும். கட்சியின் பொதுப் பிரச்சாரத்துக்கோ உச்சவரம்பே கிடையாது.

அடுத்தது கைமாறும் பணம். ஓட்டுக்குப் பணம் கொடுப்பது லஞ்சக் குற்றம், ஓராண்டு வரை சிறை. அதை எழுத நோட்டில் பத்தி ஏது? தமிழ்நாட்டில் 2016-ல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017-ல் ஆர்.கே. நகரிலும், 2019-ல் வேலூரிலும் தேர்தலையே நிறுத்தவேண்டி வந்தது. அந்த நிலைமையை எந்த வேட்பாளரின் வெள்ளைத் தாளையும் பார்த்து யாரும் தெரிந்துகொண்டிருக்க முடியாது.

இந்த நோட்டு எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதற்கு மும்பையிலேயே ஒரு சாட்சி கிடைத்தது. 2013 ஜூனில் இங்கே ஒரு விழா மேடையில் பாஜக தலைவர் கோபிநாத் முண்டே, 2009 மக்களவைத் தேர்தலில் தனக்கு 8 கோடி ரூபாய் செலவானதாகச் சொன்னார். அப்போது உச்சவரம்பு 25 லட்சம். அவர் கணக்கில் காட்டியிருந்ததோ 19 லட்சத்துச் சொச்சம். தேர்தல் ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. தகுதி நீக்கம் எதுவும் நடக்கவில்லை; 2014-லும் அவர் போட்டியிட்டு வென்றார். அவர் ஒருவரைக் குற்றவாளியாக்கிப் பேசுவது நியாயமில்லை. அதே 2009 தேர்தலில் கணக்குக் கொடுத்த 6,753 வேட்பாளர்களில் உச்சவரம்பைத் தாண்டியதாக ஒப்புக்கொண்டவர்கள் நான்கே பேர். மிகப் பெரும்பாலோர் வரம்பில் பாதியைத்தான் செலவழித்ததாக எழுதியிருந்தார்கள். சட்ட ஆணையத்தின் 2015-ஆம் ஆண்டு அறிக்கை இந்தக் கணக்கைப் பதிவுசெய்திருக்கிறது. முண்டே வாய்விட்டுச் சொன்னார், மற்றவர்கள் சொல்லவில்லை என்பதுதான் என் எண்ணம்.

பொய்க் கணக்குக்கு அஞ்சும்படியான தண்டனையும் இல்லை. தேர்தல் கணக்கு வைக்கத் தவறினால் 500 ரூபாய் வரை அபராதம் என்று 1920-ல் ஆங்கிலேய அரசு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் எழுதியது. அன்று அது பெரிய பணம். அந்த 500 ரூபாய் 2024 ஜூன் வரை, 104 ஆண்டுகள், அப்படியே கிடந்தது. ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா அதை 5,000 ஆக்கியது. 40 லட்சம் செலவழிக்க அனுமதி பெற்றவரை 5,000 ரூபாய் என்ன செய்துவிடும்?

உண்மையான பல் ஒன்றே ஒன்று. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 10ஏ பிரிவு, முறையான கணக்கு தராதவரை மூன்று ஆண்டுகள் தகுதி நீக்கம் செய்ய ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. உத்தரப் பிரதேச எம்.எல்.ஏ. உம்லேஷ் யாதவ், காசு கொடுத்து வரவழைத்த செய்திகளின் செலவை மறைத்ததற்காக 2011-ல் பதவியிழந்தார். அந்தப் பல் ஆழமாகக் கடித்த நேரங்கள் மிகக் குறைவு.

முடிவு அறிவித்த 30 நாட்களுக்குள் நோட்டு ரசீதுகளோடு மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் போய்ச் சேரவேண்டும். தாராவி, சயான் கோலிவாடா, வடாலா நோட்டுகள் கோட்டைப் பகுதியில் உள்ள ஓல்டு கஸ்டம் ஹவுஸுக்கு. அது மும்பை நகர கலெக்டர் அலுவலகம். செம்பூர், அணுசக்தி நகர் நோட்டுகள் பாந்த்ரா கிழக்கில் உள்ள புறநகர் கலெக்டர் அலுவலகத்துக்கு. மாநகராட்சி வார்டுத் தேர்தலின் கணக்கு மட்டும் வேறு வழியில் போகும். அது 1888-ஆம் ஆண்டு மும்பை மாநகராட்சிச் சட்டத்தின் கீழ், மாநிலத் தேர்தல் ஆணையத்தின் பொறுப்பில் நடப்பது.

சட்டமன்ற, மக்களவைக் கணக்கு வந்து சேர்ந்த இரண்டு நாளில் அலுவலர் அறிவிப்புப் பலகையில் தகவல் ஒட்டவேண்டும். தேர்தல் நடத்தை விதிகளின் 88-ஆம் விதிப்படி, ஒரு ரூபாய் கட்டினால் யார் வேண்டுமானாலும் அந்த நோட்டைப் புரட்டிப் பார்க்கலாம். அந்தத் தொகுதியின் வாக்காளராக இருக்கவேண்டும் என்றுகூட இல்லை. தனிக் கட்டணம் கட்டினால் சான்றிட்ட நகலும் தருவார்கள்.

வீடியோ குழுவுக்குத் தெரியாதது அந்தத் தெருக்காரர்களுக்குத் தெரியும். எந்தக் கூட்டத்துக்கு எத்தனை பஸ் வந்தது, எந்த மண்டபத்தில் எத்தனை பந்தி நடந்தது என்பதை நேரில் கண்டவர்கள் நீங்கள். அடுத்த தேர்தல் முடிந்ததும் நாலு பேராகச் சேர்ந்து ஒரு ரூபாயோடு அந்த அலுவலகத்துக்குப் போங்கள். நோட்டைக் கேட்டு வாங்கி, உங்கள் தெருவில் நடந்த கூட்டங்கள் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் தேதி, இடத்தோடு அலுவலருக்கு எழுத்தில் கொடுங்கள்.