நிலத்தடி எரிபொருள் தொட்டிக் கசிவு ஆய்வு

பெட்ரோல் நிலையங்களிலும் ஆலைகளிலும் புதைத்துவைத்த எரிபொருள் தொட்டிகளும் அவற்றின் குழாய்களும் கசியும்போது, எண்ணெய் மண்ணில் எவ்வளவு ஆழம் இறங்கியது, நிலத்தடி நீரைத் தொட்டதா, தொட்டிருந்தால் எந்தப் பக்கம் நகர்கிறது என்று கண்டறியும் கள ஆய்வு. அமெரிக்காவில் பாதுகாப்புப் பூச்சில்லாமல் புதைத்த இரும்புத் தொட்டிகள் துருப்பிடித்துக் கசியத் தொடங்கியதும் 1984இல் இதற்கெனச் சட்டம் வந்தது. அதன் பிறகு அங்கே உறுதிசெய்யப்பட்ட கசிவுகள் ஐந்து லட்சத்தைத் தாண்டிவிட்டன.

ஆய்வாளர் முதலில் கேட்பது இருப்புக் கணக்கு. டிப் அடித்த அளவு, லாரியில் வந்த சரக்கு, பம்பில் விற்ற லிட்டர் மூன்றும் மாதாமாதம் ஒத்துவராமல் துண்டு விழுந்தால் சந்தேகம் வலுக்கும். ஆனால் பெட்ரோல் வெப்பத்தில் விரியும், குளிரில் சுருங்கும். சிறு கசிவைக் கணக்கு காட்டிக்கொடுக்காது. அதனால் தொட்டிக்குத் தனியாகக் கசிவுச் சோதனை உண்டு. மணிக்கு 0.1 கேலன், ஏறத்தாழ 380 மில்லிலிட்டர், குறைந்தாலும் அது பிடிபட வேண்டும் என்பது அமெரிக்க விதி. பழைய வரைபடங்களையும் தேடிப் பார்ப்பது அவசியம்: முன்பிருந்தவர்கள் எடுக்காமல் விட்டுப்போன தொட்டி இன்னும் அடியில் கிடக்கலாம்.

அடுத்தது துளையிடுதல். மேலே வரும் மண்ணைப் பையிலிட்டுக் கட்டி, சிறிது நேரம் கழித்து உள்ளே சேர்ந்த ஆவியைக் கையடக்கக் கருவியால் அளந்தால் எந்த ஆழத்தில் எண்ணெய் ஊறியிருக்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும். மணற்பாங்கான மண்ணில் அது நேராக இறங்கும். களிமண் அடுக்கு குறுக்கிட்டால் பக்கவாட்டில் வழிந்து, தொட்டிக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் தலைகாட்டும்.

நீரை எட்டிய பெட்ரோல் அதன்மேல் மிதக்கும். நிலத்தடி நீரைச் சோதிக்க அமைக்கும் கண்காணிப்புக் கிணற்றின் துளையிட்ட பிவிசி குழாய்ப் பகுதி நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் நீண்டிருந்தால்தான் அந்த மிதக்கும் படலம் தென்படும். குறைந்தது மூன்று கிணறுகள், அதுவும் ஒரே கோட்டில் இல்லாமல், வேண்டும். அவற்றின் நீர்மட்டங்களை ஒப்பிட்டே ஓட்டத்தின் திசையைக் கணிக்க முடியும். நீர் மாதிரியைச் சிறு கண்ணாடிக் குப்பியில் தளும்ப நிரப்பி, மூடி, கவிழ்த்துத் தட்டிப் பார்ப்பார்கள். காற்றுக்குமிழி ஏறினால் வேறு மாதிரி எடுப்பார்கள், ஏனென்றால் பென்சீன் அந்தக் குமிழிக்குள் ஆவியாகித் தப்பிவிடும். அமெரிக்கக் குடிநீரில் பென்சீனுக்கு உள்ள வரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம்தான். கொஞ்சம் தப்பினாலும் முடிவு பொய்யாகும்.

நீண்ட காலம் இந்த ஆய்வு பென்சீன், டொலுயீன், எத்தில் பென்சீன், சைலீன் என்ற நான்கையே தேடியது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் இவற்றைத் தின்று அழிப்பதால் மாசு வெகுதூரம் போவதில்லை. கலிபோர்னியாவில் பெரும்பாலான பென்சீன் மாசுகள் சுமார் 75 மீட்டருக்குள் நின்றுவிடுகின்றன என்று லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்தின் அறிக்கை 1995இல் சொன்னது. பென்சீனைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் ஈயத்துக்கு மாற்றாக 1979 முதல் அமெரிக்கப் பெட்ரோலில் கலந்துவந்த எம்டிபிஇ அந்தக் கணக்குக்கு அடங்கவில்லை. அது நீரில் பென்சீனைவிடப் பல மடங்கு கரையும், மண்துகள்களில் ஒட்டாது, எளிதில் சிதையாது. நீர் போகும் வேகத்திலேயே போகும்.

அந்த அறிக்கை வந்த காலத்திலேயே கலிபோர்னியாவின் சாண்டா மோனிகா நகரின் சார்னாக் குடிநீர்க் கிணறுகளில் எம்டிபிஇ தலைகாட்டியது. 1996இல் அவற்றை மூட வேண்டியதாயிற்று. நகரம் தன் குடிநீரில் ஏறக்குறைய பாதியை இழந்து, வெளியிலிருந்து விலைக்கு வாங்கியது. சுற்றுவட்டாரத்தில் பல பெட்ரோல் நிலையங்கள், எண்ணெய்க் குழாய்கள். யாருடைய கசிவு எந்தக் கிணற்றை எட்டியது என்று பிரித்தறிவது பெரும்பாடானது. கிணறுகளிலிருந்து நீர் இறைப்பதே நிலத்தடி ஓட்டத்தின் திசையை மாற்றிவிடும் என்பதால், இயற்கைச் சரிவை மட்டும் வைத்து ஆய்வு செய்தால் தவறான வாசலில் போய் நிற்க நேரும்.

நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில், கிழக்குப் பச்சோக்கில், இன்னொரு பாடம் கிடைத்தது. அங்கே ஒரு சரளைக்கல் குழி வழியாக மழைநீர் அதிகம் இறங்கி, மாசடைந்த நீரை ஆழத்துக்கு அழுத்தியது. நீர்மட்டத்தை ஒட்டி மட்டும் அமைத்த கிணறு இத்தகைய மாசின்மேல் நின்றுகொண்டே சுத்தம் என்று காட்டும். வெவ்வேறு ஆழங்களில் தனித்தனி மாதிரி எடுப்பதும், எரிபொருளில் என்னென்ன கலந்திருந்தது என்று விசாரித்து ஆய்வகப் பட்டியலை வகுப்பதும் ஆய்வில் விடக்கூடாத வேலைகள் என்பதை இவ்விரு ஊர்களின் அனுபவமும் காட்டியது. செலவு கூடுகிறதென்று இவற்றைக் குறைப்பவர்கள் பிறர் குடிக்கும் தண்ணீரில் அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கிறார்கள்.

கலிபோர்னிய ஆளுநர் கிரே டேவிஸ் 1999இல் எம்டிபிஇயைக் கைவிட உத்தரவிட்டார். 2004 தொடக்கத்தில் தடை நடைமுறைக்கு வந்தது. சார்னாக் நீரைக் கரிவடிப்பான்களில் சுத்திகரித்து மறுபடி குழாயில் விட 2010 ஆயிற்று.