இருபுற ஒலியிலிருந்து சூழொலிக்கு
ஒப்பெத் குழுவின் இரு இசைத்தொகுதிகளை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஒரு நூலின் வரலாற்றை ஆராய்பவர் அதன் மூலபாடம் யாது, பாடபேதங்கள் எவை, பதிப்பாசிரியரின் கை எவ்விடத்திற் பட்டுள்ளது என்னும் வினாக்களை எழுப்புவது மரபு. ஒலிப்பதிவு செய்யப்பட்ட இசையைப் பொறுத்தவரை இவ்வினாக்கள் நெடுங்காலம் பெரிதாக எழுப்பப்படவில்லை. இசைத்தட்டு ஒருமுறை வெளிவந்துவிட்டால் அதுவே முடிந்த முடிபெனக் கொள்ளப்பட்டது. பழைய ஒலிப்பதிவுகளை மீண்டும் எடுத்து, அவற்றைப் புதிதாகக் கலந்து, கேட்பவரைச் சூழ நிற்கும் ஒலிபெருக்கிகளுக்கென அமைத்து வெளியிடும் வழக்கம் பரவியதோடு இந்நிலை மாறிற்று. இம்மாற்றத்தின் பெறுமானத்தை மதிப்பிடுவதற்கு, சுவீடன் நாட்டு ஒப்பெத் குழுவினரின் 'டெலிவறன்ஸ்' (2002), 'டாம்னேசன்' (2003) ஆகிய இரு தொகுதிகளும் 2015ஆம் ஆண்டில் அவை பெற்ற சூழொலிப் பதிப்பும் தக்க சான்றாக அமைகின்றன.

ஒலிக்குத் திசை அளிக்கும் முயற்சி புதியதன்று. பிரித்தானியாவின் ஈ.எம்.ஐ. நிறுவனத்திற் பணியாற்றிய பொறியியலாளர் அலன் புளும்லைன் 1931இல் இருபுற ஒலிப்பதிவுக்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1940இல் வெளிவந்த வோல்ற் டிஸ்னியின் 'பன்ராசியா' திரைப்படம் அரங்கின் பல பக்கங்களிலிருந்தும் இசை எழும்படி அமைக்கப்பட்டிருந்தது. எனினும் இல்லங்களில் இருபுற ஒலி இடம்பெற 1950களின் இறுதிவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதன் பின்னரே, கேட்பவருக்கு முன்னால் இரு ஒலிபெருக்கிகள் என்பது பொது வழக்காக நிலைபெற்றது.

இவ்வெல்லையைத் தாண்டும் முதற் பெருமுயற்சி 1970களின் முற்பகுதியில் நிகழ்ந்தது. 1967ஆம் ஆண்டு மே மாதத்தில் இலண்டன் குயீன் எலிசபெத் மண்டபத்திற் பிங்க் புளொயிட் குழுவினர் மண்டபத்தைச் சுற்றி ஒலியை நகர்த்திக் காட்டியிருந்தனர். சில ஆண்டுகளில் இசைத்தட்டு நிறுவனங்கள் நாற்புற ஒலியைச் சந்தைக்குக் கொணர்ந்தன. ஆனால் சீ.பீ.எஸ். நிறுவனம் ஒரு முறையையும், யப்பானின் சன்சுயி நிறுவனம் வேறொரு முறையையும், ஜே.வி.சி.யும் ஆர்.சீ.ஏ.யும் மூன்றாவது முறையையும் கைக்கொண்டன. ஒரு முறைக்குரிய தட்டினை மற்றொரு முறைக்குரிய கருவியிற் செம்மையாகக் கேட்க இயலவில்லை. நான்கு ஒலிபெருக்கிகளும் புதிய கருவியும் வாங்கும் செலவு வேறு. இக்காரணங்களால் 1970களின் இறுதிக்குள் நாற்புற ஒலி இல்லங்களிலிருந்து மறைந்தது. அதன் வீழ்ச்சியைக் கலைக் குறைபாடாகவன்றி வணிகப் போட்டியின் விளைவாகவே கொள்ளுதல் பொருத்தமாகும்.

கைவிடப்பட்ட இவ்வெண்ணத்தைக் காத்து வளர்த்தது திரையரங்கே. 1992இல் டொல்பி நிறுவனத்தின் இலக்கமுறை ஒலி திரைப்படங்களிற் புகுந்தது. 1996இல் யப்பானில் டீ.வீ.டீ. தட்டு அறிமுகமாகியதைத் தொடர்ந்து, திரைப்படம் பார்ப்பதற்கென ஆறு ஒலிபெருக்கிகளை வீட்டில் அமைத்தோர் தொகை பெருகியது. முன்னே மூன்றும் பின்பக்கங்களில் இரண்டும் தாழ்ந்த சுரங்களுக்கெனத் தனியே ஒன்றுமாக அமைந்த இவ்வொழுங்கே 5.1 எனப்படுவது. திரைப்படம் அமைத்துக் கொடுத்த அரங்கினுள் இசை பின்னர் குடிபுகுந்தது எனலாம். போர்க்குபைன் றீ குழுவின் 2002ஆம் ஆண்டுத் தொகுதியான 'இன் அப்சென்சியா'வுக்கு எலியற் ஷைனர் சூழொலிக் கலவை அமைத்தார். அக்குழுவின் தலைவரான ஸ்ரீவன் வில்சன் பின்னர் இக்கலையிற் தாமே தேர்ச்சி பெற்று, 2009 முதல் கிங் கிறிம்சன் குழுவின் பழைய தொகுதிகளை அதன் தலைவர் றொபேட் பிறிப்புடன் இணைந்து சூழொலியில் அமைக்கலானார்.

இனி, இப்பதிப்பு முறை புறோகிறெசிவ் மெற்றல் எனப்படும் இசைவகைக்கு ஏன் சிறப்பாகப் பொருந்துகின்றது என்பது நோக்கற்பாலது. இங்கு 'புறோகிறெசிவ்' என்பது நம் இலக்கிய விமர்சனத்தில் வழங்கும் 'முற்போக்கு' என்னும் அரசியற் பொருளைத் தருவதன்று. பாட்டின் வழக்கமான அளவையும் அமைப்பையும் மீறி, மேனாட்டுச் சாஸ்திரீய இசை, ஜாஸ் முதலியவற்றின் கூறுகளை உள்வாங்கும் போக்கினையே அது குறிக்கும். 1969இல் கிங் கிறிம்சனின் முதற் தொகுதியும், 1970இல் பேர்மிங்ஹாம் நகரத்துப் பிளாக் சபத் குழுவின் முதற் தொகுதியும் வெளிவந்தன. முன்னது சிக்கலான கட்டமைப்பையும் பின்னது கனத்த கிற்றார் ஒலியையும் பிற்சந்ததிக்கு வழங்கின. இவ்விரு மரபுகளும் 1980களில் ஐக்கிய அமெரிக்காவிற் கலந்தன. குயீன்ஸ்றைக் குழுவின் 'ஒப்பறேஷன்: மைண்ட்கிறைம்' (1988), டிறீம் தியேற்றர் குழுவின் 'இமேஜஸ் அன்ட் வேர்ட்ஸ்' (1992) ஆகியன அக்கலப்பின் மைல்கற்கள்.

1990இல் ஸ்ரொக்ஹோமில் உருவாகிய ஒப்பெத் குழு இம்மரபினுள் தனிவழி வகுத்தது. அதன் தலைவர் மிக்கேல் ஒக்கர்பெல்ற், உறுமலாகிய குரலையும் மென்மையான பாடுகுரலையும் ஒரே உருப்படியில் மாறிமாறிக் கையாண்டார். 2002இல் அக்குழு இரு தொகுதிகளுக்கான இசையை ஒருங்கே பதிவு செய்தது. கடுமை பெரும்பாலும் 'டெலிவறன்'ஸிலும் மென்மை பெரும்பாலும் 'டாம்னேச'னிலும் திரட்டப்பட்டன. பின்னதில் உறுமற் குரல் அறவே இல்லை. வில்சன் வாசித்த மெலோற்றன் என்னும் பழைய விசைக்கருவியின் மங்கிய நாதமே அதன் பின்புலமாகும். ஒரே காலத்தில் பிறந்த இவ்விரட்டையர் 2002 நவெம்பரிலும் 2003 ஏப்பிரலிலும் தனித்தனியே வெளிவந்தனர். 2015ஆம் ஆண்டுப் பதிப்பு அவர்களை ஒரே பேழையிற் சேர்த்தது. வெளியீட்டுத் திகதிகளாற் பிரிந்து கிடந்த ஒரு படைப்பு எண்ணம் இதனால் மீண்டும் முழுமையாகக் கண்ணுக்குத் தெரிகின்றது. இஃது அப்பதிப்பின் முதற் பயன்.

இரண்டாவது பயன் ஒலி சார்ந்தது. மறுசெம்மையாக்கம் வேறு, மறுகலவை வேறு. முன்னது ஏற்கெனவே கலந்து முடிந்த ஒலியின் உரப்பையும் தெளிவையும் சீராக்குவது. பழைய ஓவியத்திற் படிந்த தூசியைத் துடைப்பதற்கு ஒப்பானது. பின்னது, குரல், கிற்றார், முரசு என வெவ்வேறு தடங்களிற் கிடக்கும் மூலப் பதிவுகளை எடுத்துப் புதிதாக ஒருங்கிணைப்பது. சூழொலிப் பதிப்புக்கு இப்பின்னதே இன்றியமையாதது. மெற்றல் இசையிற் கிற்றாரின் சிதைவொலி பரந்ததோர் அதிர்வெண் பரப்பை நிரப்பிவிடுகின்றது. அதே பரப்பில் ஒலிக்கும் குரலும் முரசும் அதனுள் அமிழ்ந்து போதல் இயல்பு. இரு ஒலிபெருக்கிகளுள் இவை யாவற்றையும் அடக்கும் கலவையாளர் ஒன்றை உயர்த்த மற்றொன்றைத் தாழ்த்த வேண்டியவராகின்றார். வெவ்வேறு திசைகளிலிருந்து வரும் ஒலிகளையோ செவி எளிதிற் பிரித்தறியும். 'டெலிவறன்ஸ்' என்னும் பதின்மூன்று நிமிடங்களுக்கு மேற்பட்ட உருப்படியின் இறுதியிற் கிற்றாரும் முரசும் ஒரே தாளக்கட்டை நெடுநேரம் திரும்பத் திரும்ப வாசிக்கின்றன. அத்தகைய இடத்தின் நுண்ணிய வேறுபாடுகளை உணர்வதற்கு இடவிரிவு பெரிதும் துணை செய்யும்.

எனினும் ஆட்சேபம் ஒன்று எழுகின்றது: 2002இல் இரசிகர் கேட்டது ஒன்று, 2015இல் வழங்கப்படுவது வேறொன்று எனின், வரலாற்று ஆவணம் எது? இவ்விரு தொகுதிகளும் இதற்கு இருவேறு விடைகளைத் தருகின்றன. 'டாம்னேச'னை முதலிற் கலந்தவரும் மீளக் கலந்தவரும் ஸ்ரீவன் வில்சனே. அது தன் பணியைத் தானே திருத்திய ஒருவரின் இரண்டாம் பதிப்புப் போன்றது. 'டெலிவறன்'ஸை முதலிற் கலந்தவர் அன்டி ஸ்னீப். மீளக் கலந்தவர் புறூஸ் சோட். முன்னவரின் கலவையில் இருந்த இறுக்கமும் அழுத்தமும் அக்கால மெற்றல் இசையின் சுவையைக் காட்டுவன. பின்னவர் செய்தது பிறிதொரு பதிப்பாசிரியரின் வாசிப்பு. ஆகவே சூழொலிப் பதிப்பினை மூலத்தின் இடத்தைப் பிடிக்கும் மாற்றாக அன்றி, மூலத்துக்கு எழுந்த உரையாகக் கொள்வதே முறையாகும். நல்லுரை மூலத்தின் மறைபொருளை வெளிக்கொணரும். ஆனால் உரை கிடைத்தமையால் மூலத்தை எறிந்துவிடுவார் எவருமிலர். பழைய கலவை கிடைக்காதவாறு புதியது மட்டும் விற்பனைக்கு வருமாயின், அது வரலாற்றுக்கு இழைக்கப்படும் தீங்கேயாகும்.

உரை எழுதுவதற்கும் ஏடு எஞ்சியிருத்தல் வேண்டும். 2008ஆம் ஆண்டு யூன் முதலாந் திகதி கலிபோர்னியாவின் யூனிவர்சல் படப்பிடிப்பு வளாகத்தில் மூண்ட தீயில், அங்கு சேமிக்கப்பட்டிருந்த மூல ஒலிப்பதிவுகள் பல அழிந்தன. அவ்விழப்பின் பாரதூரம் 2019இல் வெளியான பத்திரிகைக் கட்டுரையாலேயே உலகிற் பரவலாக அறியப்பட்டது. தனித்தனித் தடங்கள் அழிந்தபின் முடிந்த கலவை மட்டுமே மிஞ்சும். அதனைத் துடைத்துப் பேணலாமேயன்றி, அதனுள் அடங்கிய ஒவ்வோர் ஒலியையும் முன்போல முழுமையாகப் பிரித்தெடுத்தல் அரிது. ஒப்பெத் குழுவின் இரு தொகுதிகளும் 2015இல் மறுவாழ்வு பெற்றமைக்கு வில்சன், சோட் ஆகியோரின் திறமை எத்துணைக் காரணமோ, பதின்மூன்று ஆண்டுகளாக அத்தடங்கள் காக்கப்பட்டமையும் அத்துணைக் காரணமாகும். சூழொலிப் பதிப்பினைச் சுவைப்போர் அதன் புதுமையை வியப்பதோடு அமையாது, அப்புதுமைக்கு இடமளித்த காப்பகப் பணியையும் உணர்தல் வேண்டும். இசையின் வரலாறு இசைப்பவராலும் கேட்பவராலும் மட்டுமன்றி, அதனைப் பேணி வைப்பவராலும் ஆக்கப்படுவதாகும்.