உடைந்த பக்கக் கண்ணாடி: வீட்டில் எதைத் திருத்தலாம், எதைத் தொடக்கூடாது?

ஒடுங்கிய ஒழுங்கையில் எதிரே வரும் வாகனத்துக்கு வழிவிடும்போது மதிலில் உரசும். வீதியோரம் நிறுத்திய காரை மோட்டார் சைக்கிள் ஒன்று தட்டிவிட்டுப் போகும். இரண்டிலும் முதலில் அடிபடுவது பக்கக் கண்ணாடிதான். கராஜுக்குக் கொண்டுபோனால், "முழுசா மாத்த வேணும்" என்ற பதிலே பல வேளைகளில் கிடைக்கிறது.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் இருக்கும் காரையே திருத்தி ஓட்டப் பலரும் பழகிக்கொண்டோம். என் காரின் இடப்பக்கக் கண்ணாடியை நானே மாற்றியதும் அப்போதுதான். வேலை சிறியது. ஆனால் பொருத்தமில்லாத கண்ணாடியைப் போட்டால் அதன் விலையை வீதியில்தான் கொடுக்க நேரும்.

எது உடைந்தது?

பக்கக் கண்ணாடி என்பது ஒரே பொருள் அல்ல. ஆடி, அதைத் தாங்கும் பிளாஸ்டிக் தட்டு, வெளி உறை, மடியும் மூட்டு எனப் பல பாகங்கள் அதில் உண்டு. பல கார்களில் ஆடியைத் திருப்பும் சிறு மோட்டாரும் இருக்கும். ஆடி மட்டும் உடைந்து, மற்றவை அசையாமல் உறுதியாக இருந்தால் முழுவதையும் மாற்றத் தேவையில்லை.

வாங்கும்போது

கண்ணாடிக் கடையில் சாதாரண நிலைக்கண்ணாடியை அளவுக்கு வெட்டி ஒட்டுவதுதான் மிக மலிவான வழி. அதில்தான் ஆபத்தும் இருக்கிறது. பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலும் குவிவாடிகள். அவை பொருட்களைச் சிறிதாக்கி, கூடிய பரப்பைக் காட்டுகின்றன. அந்த இடத்தில் தளவாடியை ஒட்டினால் பார்வைப் பரப்பு சுருங்கிவிடும். காலி வீதி நெரிசலில் இடப்பக்கமாக நுழையும் மோட்டார் சைக்கிள் கண்ணில் படாமலே போகலாம். முன்பு இருந்தது குவிவாடி என்றால் புதியதும் அதே வளைவுள்ள குவிவாடியாகவே இருக்க வேண்டும். நேரான அடிமட்டத்தை ஆடியின் மேல் வைத்துப் பாருங்கள். நடுவில் தொட்டு, இரு முனைகளிலும் இடைவெளி தெரிந்தால் அது குவிவாடி.

கொழும்பு பஞ்சிகாவத்தை போன்ற உதிரிப்பாகச் சந்தைகளுக்குப் போகும்போது உடைந்த ஆடியின் தட்டையும் காரின் செசி இலக்கத்தையும் கொண்டுசெல்லுங்கள். ஜப்பான் அல்ட்டோவும் இந்திய அல்ட்டோவும் பெயரில்தான் ஒன்று. இடது, வலது ஆடிகளும் ஒன்றுக்கொன்று பொருந்தா.

மாற்றும் முறை

1. காரை நிறுத்திச் சாவியை எடுத்துவிடுங்கள். தடித்த கையுறையும் கண் பாதுகாப்பும் அணியுங்கள்.

2. உடைந்த ஆடியின் மேல் அகலமான ஒட்டுநாடாவைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுங்கள். துண்டுகள் சிதறாது.

3. ஆடியின் ஒரு ஓரத்தை உள்ளே அழுத்தினால் எதிர் ஓரம் வெளியே வரும். அந்த இடைவெளியில் பிளாஸ்டிக் நெம்பியைச் செருகி மெதுவாக நெம்புங்கள். பெரும்பாலான ஆடிகள் பின்னால் உள்ள கிளிப்புகளில்தான் நிற்கின்றன. இரும்பு ஸ்க்ரூ டிரைவர் உறையைக் கீறிவிடும்.

4. பின்புறம் இரண்டு வயர்கள் இருந்தால் அது சூடாகும் ஆடி. வயரை இழுக்காமல், முனையைப் பிடித்துக் கழற்றுங்கள்.

5. புதிய ஆடியில் வயர்களை மாட்டி, கிளிப்புகளை நேராக வைத்து, துணி விரித்த உள்ளங்கையால் நடுவில் அழுத்துங்கள். 'டக்' என்ற சத்தம் கேட்க வேண்டும். ஓரத்தில் அழுத்தினால் புதிய ஆடியும் வெடிக்கும்.

தட்டில்லாத ஆடி மட்டும் கிடைத்தால், பழைய துண்டுகளை முற்றாக அகற்றி, 'நியூட்ரல்' வகை சிலிக்கனால் ஒட்டலாம். புளிப்பு மணம் வீசும் சாதாரண சிலிக்கன் ஆடியின் பின்பூச்சை அரிக்கக்கூடும். ஒட்டியபின் நாடாவால் கட்டி, ஒரு நாள் முழுவதும் காரை எடுக்காமல் விடுங்கள். சுப்பர் குளூ அதிர்வைத் தாங்காது.

உறையில் சிறு வெடிப்பு இருந்தால், உட்புறத்தை அரத்தாளால் தேய்த்துத் துடைத்து, இரண்டு குழாய்களாக வரும் எபொக்சி பசையைப் பூசினால் போதும்.

தொடக்கூடாதவை

மடியும் மூட்டு உடைந்து, கண்ணாடி காற்றில் ஆடுகிறதா? அதற்குள் இறுகிய ஸ்பிரிங் இருக்கும்; வீட்டில் பிரிக்க வேண்டாம். கமரா, சென்சர் உள்ளவற்றையும் தெரிந்தவரிடமே விடுங்கள். காப்புறுதியில் கோர நினைப்பவர்கள், அதனால் 'நோ கிளெயிம் போனஸ்' பாதிக்கப்படுமா என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

ஓட்டுவதற்கு முன்

சாரதி ஆசனத்தில் இருந்து, காரின் பக்கம் ஆடியின் உள் ஓரத்தில் சிறிதளவே தெரியும்படி சரிசெய்யுங்கள். பின், ஒருவரைக் காரின் பின்னாலிருந்து பக்கவாட்டில் நடந்து வரச் சொல்லுங்கள். ஆடியிலிருந்து அவர் மறைவதற்கும் பக்க ஜன்னலில் தெரிவதற்கும் இடையே எத்தனை அடி என்று கவனியுங்கள். மறுபக்கத்திலும் இதையே செய்யுங்கள். முன்பு தெரிந்த இடம் இப்போது தெரியவில்லை என்றால், ஆடி எவ்வளவு அழகாகப் பொருந்தியிருந்தாலும் கழற்றிவிடுங்கள். நல்ல குவிவாடியால் கூட எல்லாவற்றையும் காட்ட முடியாது. திரும்புமுன் ஒருமுறை தலையைத் திருப்பிப் பார்ப்பது எப்போதும் அவசியம்.